முத்துக்குளித்துறையில் வில்

மூவேந்தர் கொடிகளில் வில் சேரனுக்கு உரியது, புலி சோழனுக்கு, பாண்டியனுக்குக் கயல். முத்துக் குளிக்கும் துறைகளையுடைய தூத்துக்குடிக் கரையோ பாண்டியன் ஆண்ட கரை. ஆகவே, வில்லைப் பற்றிப் பேச வந்தவன் மேற்கே மலையைத் தாண்டிச் செல்லாமல், கிழக்கே கடலோரத்தில் வந்து நிற்பது பொருத்தமா என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது முறையே. ஆனால் இந்தக் கரையில் வில் கொடியில் ஏறாமற் போனாலும் பட்டறையில் ஏறிற்று. போர்க்களத்தை விட்டு நீங்கிய பின்னரும் நெடுங்காலம் உழைத்தது. முத்தைத் துளைத்தது, பஞ்சைப் பிரித்தது, கோயில் முற்றத்தில் இரவெல்லாம் கதை சொல்லிற்று. கடைசியாகச் சொன்ன வேலையை இன்றும் செய்து வருகிறது. அந்த விற்களையும், அவற்றை ஆக்கிய பெயர் தெரியாத சிறு தொழிலாளரையும் பற்றியே இங்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் போர்வில்லைப் பார்த்துவிடுவோம். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கும் ஆதிச்சநல்லூர், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஒரு பரம்பு. அங்கே 1876-இல் ஜெர்மானிய அறிஞர் யாகோர் முதன்முதலாகத் தோண்டிப் பார்த்தார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்பவர் விரிவாக அகழ்ந்தார். தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் வெளிவந்தன. இரும்பாலான வாள், ஈட்டி, அம்பு முனை முதலியவையும் கிடைத்தன. அம்பு முனை கிடைத்ததேயன்றி அதை எய்த வில் கிடைக்கவில்லை. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மரமும் தோலும் நரம்பும் நம் மண்ணுக்குள் அத்தனை காலம் தாங்குவதில்லை. ஆயினும் விளைவைக் கவனியுங்கள். வாள் அடித்த கொல்லனின் கைத்திறன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. வில் சீவிய தச்சனின் கைத்திறன் அங்கே இல்லை. ஒருவன் தொழிலின் பெருமை அவன் கையாண்ட பொருள் துருப்பிடிக்குமா, மக்கிப்போகுமா என்பதைப் பொறுத்து நிற்பது ஒரு வேடிக்கைதான்.

வில் என்றால் வளைந்த கொம்பும் இழுத்துக் கட்டிய நாணும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு பெருங்குலங்கள் உண்டு. ஒரே கம்பைச் சீவிச் செய்வது ஒன்று. மூங்கிலோ, பனையோ, வேறு உறுதியான மரமோ அதற்குப் போதும். மற்றொன்று பல பொருளை ஒட்டிச் செய்வது. இந்த இரண்டாவது குலத்தில்தான் நுனி மறித்த வில் சிறப்பாக வளர்ந்தது. நாணை அவிழ்த்துவிட்டால் அதன் இரு நுனிகளும் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். இக்காலத்தார் அதை ரிகர்வ் வில் என்பர். நாண் பூட்டிய நிலையில் நாண் அந்த மறித்த நுனிகளின்மேல் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்க, நுனிகளை விட்டு மெல்ல எழும். அதனால் தொடக்கத்திலேயே வில் நன்றாக எதிர்க்கும். இழுவை முற்றும்போதோ கை தாங்க முடியாத கடுமை திடீரென்று வராது. ஒரே கைவலிக்கு, நேரான வில்லைக் காட்டிலும் இது மிகுதியான விசையைச் சேர்த்து வைக்கிறது. குட்டையாகவும் இருக்கலாம், குதிரைமேல் இருப்பவனுக்கு அது பெரிய வசதி.

இவ்வளவு வளைவை வெறும் மரம் தாங்குவது அரிது. ஆகவே எய்பவனை நோக்கிய பக்கத்தில், நசுக்கத்தைத் தாங்கும் எருமைக் கொம்பை ஒட்டினர். எதிர்ப்பக்கத்தில், இழுப்பைத் தாங்கும் விலங்கு நரம்பை இழை இழையாகப் படிய வைத்தனர். நடுவே மரம். கொரிய நாட்டு வில்செய்வோர் இதற்கு வேண்டிய எருமைக் கொம்பை வெளிநாட்டிலிருந்து தருவித்தனர். ஒட்டுவதற்கு அவர்கள் கொண்டதோ மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய பசை. நம் கரையில் கத்தாளை என்று வழங்கும் மீனின் இனத்தைச் சேர்ந்ததே அந்த மீன். எருமைக்கும் நம்மிடம் குறைவில்லை, கத்தாளைக்கும் குறைவில்லை. எனினும் அத்தகைய வில் தென்கோடியில் வேரூன்றவில்லை. காரணம் காற்றுத்தான். ஒட்டுவில்லின் பசைக்கு ஈரம் பகை. வட இந்தியாவில் மொகலாயர் காலத்தில்கூட, ஆயுதச்சாலையில் கிடந்தாலும் கெடாது என்பதற்காக எஃகினாலேயே வில் செய்தது உண்டு. உப்புக் காற்று ஆண்டு முழுதும் வீசும் ஒரு கடற்கரையில் ஒட்டுவில்லைக் காப்பது எளிதாக இருந்திராது.

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கண்டதாக அரியன் எழுதி வைத்த செய்தி ஒன்று உண்டு. இந்தியக் காலாள் வீரரின் வில் ஆள் உயரம் இருக்கும்; அதன் ஒரு நுனியை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாணை இழுப்பர் என்பது அச்செய்தி. அது வடமேற்கு நாட்டைப் பற்றியது. ஆனால் நெடுவில்லின் இலக்கணம் எங்கும் ஒன்றே. ஒட்டில்லாத தனிக்கம்பு வில் முறியாதிருக்க வேண்டுமானால் நீளமாக இருக்க வேண்டும்.

நுனி மறித்த வில்லுக்கு மறுவாழ்வு தந்தது இருபதாம் நூற்றாண்டு. நரம்புக்கும் கொம்புக்கும் ஈடாகக் கண்ணாடியிழை வந்தது. ஈரத்துக்கு அஞ்சாத பசையும் வந்தது. அமெரிக்காவில் ஃப்ரெட் பேர் போன்றோர் சிறு பட்டறையாகத் தொடங்கிப் பெருந்தொழிலாக வளர்ந்தனர். அவர்களைச் சுற்றிப் பல சிறு பட்டறைகளும் 1950-களிலும் 1960-களிலும் அழகிய விற்களைச் செய்தன. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் இடம் பெற்றபோது வென்றது இந்த வகை வில்தான். அன்று விற்ற விற்களை இன்று தேடித் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் உள்ளனர். ஒவ்வொரு வில்லையும் செய்தவர் யார், எந்த மரம், எந்த ஆண்டு என்று குறித்தும் வைக்கின்றனர். அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு. நம்முடைய விற்களுக்கு அந்தக் குறிப்புகூட இல்லை.

நம் பகுதியில் போர்வில்லின் கதை எப்படி முடிந்தது என்பதை ஓரிரு சொற்களிற் சொல்லிவிடலாம். துப்பாக்கி வந்ததும் அதன் மதிப்புக் குறைந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே மாதத்தில் வீழ்ந்தது. பிறகு பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கும்பினியார் ஆணையிட்டனர். ஈட்டியும் வாளும் போன வழியே, வில்லும் ஆயுதம் என்ற நிலையிலிருந்து போயிற்று.

ஆனால் எந்தக் கும்பினியாரும் பறிக்க நினையாத வில் ஒன்று இந்தக் கரையில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு முழ நீளமும் இராத சின்னஞ்சிறு வில். முத்துத் துளைப்பவன் கையில் இருந்தது.

முத்தைக் கடலடியிலிருந்து எடுப்பதைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். சங்கு குளிப்பவரும் முத்துக் குளிப்பவரும் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவது கதையிலும் படத்திலும் வந்துவிட்டது. எடுத்த முத்தைத் துளைப்பவனை யாரும் பாடவில்லை. துளையாத முத்தைக் கோக்க முடியாது. கோக்க முடியாத முத்துக்கு மாலையில் இடமில்லை. பழந்தமிழில் இத்தொழிலுக்கு நல்ல சொல் இருந்தது. மணிகளைத் துளையிடுவோரை மதுரைக்காஞ்சி ‘குயினர்’ என்று குறிக்கிறது. அச்சொல்லை நாம் மறந்துவிட்டோம்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையில் நடந்த முத்துக்குளிப்பை நேரிற் கண்ட ஒருவர், துளைப்பவனின் வேலையை நுட்பமாக வருணிக்கிறார். மூன்று கால்களின்மேல் நிற்கும் ஒரு மரக்கட்டை. கவிழ்த்த கூம்பு போன்ற வடிவம். அதன் தட்டையான மேற்பரப்பில் சிறு குழிகள். குழியில் முத்தை வைத்து, சிறிய மரச்சுத்தியால் தட்டிப் பொருத்துவான். துளையிடும் ஊசித்தண்டின் முனையை முத்தின்மேல் நிறுத்தி, அதன் தலைக்கட்டையை இடக்கையால் அழுத்துவான். வலக்கையில் வில். நாண் தண்டைச் சுற்றி வந்திருக்கும். வில்லை முன்னும் பின்னும் தள்ளி இழுக்க, தண்டு இப்புறமும் அப்புறமும் சுழலும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே, வில்லைப் பிடித்த அதே வலக்கையின் சுண்டுவிரலைப் பக்கத்திலுள்ள சிரட்டை நீரில் நனைத்து, முத்தின்மேல் சொட்டவிடுவான். வேலை ஒரு கணமும் தடைப்படாது. நெடுநாட் பழக்கத்தால் மட்டுமே வரக்கூடிய திறமை இது என்று அவர் வியக்கிறார்.

அந்த ஒரு சொட்டு நீரில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. முத்து என்பது மெல்லிய சுண்ணாம்புப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெங்காயம் போலப் படிந்தது. சூடேறினால் படலம் வெடிக்கும். அழுத்தம் மிகுந்தால் துளையின் வாய் சிதறும். மறுபக்கத்தில் ஊசி வெளிவரும்போது விளிம்பு பெயரும் அச்சம் உண்டு; அதனால் பாதி துளைத்து, முத்தைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியைத் துளைப்பதும் வழக்கம். அப்போது இரு துளைகளும் நடுவே நேராகச் சந்திக்க வேண்டும். முழுகினவனின் மூச்சு, தோணிக்காரனின் உழைப்பு, வணிகனின் முதல் ஆகிய எல்லாம் அந்தக் கணத்தில் ஒரு துளைப்பவனின் விரல்களில் வந்து நிற்கும்.

இங்கே வில் செய்வது என்ன? கயிற்றை மட்டும் தண்டிற் சுற்றி இரு கைகளால் இழுத்தாலும் தண்டு சுழலும். ஆனால் இரு கைகளும் அதற்கே போய்விடும். வில்லின் கம்பு ஓயாமல் நிமிரப் பார்ப்பதால் நாண் தானே விறைப்பாக இருக்கிறது. ஒரு கை விடுதலை பெறுகிறது. கம்பு மிக விறைத்தால் முத்து தாங்காது; தளர்ந்தால் நாண் வழுக்கும். போருக்குச் செய்த வில்லில் தேர்ந்து பார்க்க வேண்டிய அளவுகள் எல்லாம் இந்தச் சாண் வில்லிலும் உண்டு. தச்சரும் இதே முறைத் துரப்பணத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தினர்.

தூத்துக்குடியை அடுத்த பார்களில் 1926 முதல் 1928 வரையிலும், பின்னர் 1955 முதல் 1961 வரையிலும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் நடக்கவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கி வெற்றி கண்டனர். இன்று முத்தைத் துளைப்பது மின்னாற் சுழலும் ஊசி. குழி வெட்டிய அந்த மூன்று கால் கட்டை எந்த வீட்டுப் பரணிலாவது கிடந்தால், அதை வைத்திருப்பவருக்கே அது இன்னதென்று தெரியாமல் இருக்கலாம்.

பஞ்சு வில்லைப் பற்றிச் சிறிது சொல்லி மேலே செல்கிறேன். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தியே தூத்துக்குடித் துறைமுகத்தைப் பெரிதாக்கிற்று என்பது யாவரும் அறிந்தது. விதை நீக்கிய பஞ்சு கட்டியாக இருக்கும். அதன்மேல் பெரிய வில்லின் நரம்பு நாணை வைத்து மரக்குண்டினால் தட்ட, நாண் அதிர்ந்து பஞ்சை நுரை போலப் பறக்கவிடும். மெத்தை தைப்பவர் தோளில் இவ்வில்லைச் சுமந்து, நாணைச் சுண்டி ஒலி எழுப்பியபடி தெருவில் வருவதைக் கண்டோர் இன்றும் உளர். நற்றிணையின் நெய்தற் பாட்டு ஒன்று, காற்று மோதிச் சிதறும் அலையின் பிசிருக்கு வில்லால் அடித்த பஞ்சை உவமை கூறுகிறது. கடலையும் பருத்தியையும் ஒருங்கே கண்டவரே அவ்வாறு பாடக்கூடும். ஆலைகளில் இந்த வேலை இயந்திரத்துக்குப் போயிற்று; தெருவிலும் அவ்வாறே போய்க்கொண்டிருக்கிறது.

இனி, மிஞ்சி நிற்கும் வில்லுக்கு வருவோம். வில்லுப்பாட்டு, வில்லிசை, வில்லடிப்பாட்டு என்று பல பெயர் பெற்ற கலையின் வில் அது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் கோயில்களின் கொடை விழாவில் அது ஒலிக்கிறது. பத்தடியும் அதற்கு மேலும் நீளமுள்ள பெருவில். நாண் மேலே இருக்கும்படி வில்லைக் கிடத்தி, புரிமணையின்மேல் வைத்த மண்குடத்தின் கழுத்தோடு அதன் நடுப்பகுதியைச் சேர்த்துக் கட்டுவர். வில்லிலே வெண்கல மணிகள் தொங்கும். புலவர் இரு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். வலம் பாடுவோரும் இடம் பாடுவோரும் உடன் பாடுவர். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணை நிற்கும். வானொலிப் பெட்டியின் சிறிய வாய் வழியே கேட்பவருக்கு மணியோசைதான் முந்தி வரும். நாணின் தாழ்ந்த முழக்கமும் குடத்தின் கும்மென்ற ஒலியும் நேரிற் கேட்டால்தான் முழுமையாகப் பிடிபடும். ஒலிபரப்பாளர் இதற்குக் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இக்கலையை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார். அவரால் சென்னைக்கு அழைக்கப்பெற்ற சுப்பு ஆறுமுகம், 1928-இல் நெல்லைச் சீமையிற் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். ஆண்களே முன்னின்ற இக்கலையில் புகழ் பெற்ற பூங்கனி அம்மையார் 2018-இல் காலமானார். கட்டபொம்மன் கதையும் இந்த வில்லிற் பாடப்பட்டது. ஆயுதம் பறிக்கப்பட்ட சீமையில், பறிபோனவர்களின் கதையை ஒரு வில்லே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

பாடியவர் பெயர்களை இப்படி அடுக்க முடிகிறது. வில்லைச் செய்தவர் ஒருவர் பெயரையேனும் அடுக்க முடிகிறதா? இல்லை. வில் செய்வதையே தொழிலாகக் கொண்ட கடை என்று இங்கே இருக்கவில்லை. கலப்பையும் கதவும் செய்த ஊர்த்தச்சனிடமே வில்லும் போயிற்று. ஆயினும் அந்த வேலை கலப்பை வேலை அன்று.

வில்லின் தண்டை வில்கதிர் என்பர். அதற்குப் பேர்பெற்றது வைரம் பாய்ந்த பனை. ஏன் பனை? தொல்காப்பியம் மரவகைகளைப் பிரிக்கும்போது, உள்ளே காழ்ப்பு உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ்ப்பு உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. அக்கணக்கின்படி தேக்கும் வேம்பும் மரம். பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவர நூலாரும் பனையைத் தேக்கோடு சேர்க்காமல் ஒருவித்திலை இனத்திற் புல்லோடு சேர்க்கின்றனர். பனந்தண்டின் நடுவே இருப்பது மென்மையான சோறு. கருத்த இரும்பு போன்ற நார்க்கட்டு முழுதும் வெளிச்சுற்றில் நெருங்கியிருக்கிறது. ஒரு கம்பை வளைக்கும்போது மிகுந்த இழுப்பும் மிகுந்த நசுக்கமும் அதன் இரு புறப்பரப்புகளில்தான் விழும். நடுவிலே அவ்வளவு இல்லை. ஆகவே வலிமையைப் புறத்தே வைத்திருக்கும் பனையும் மூங்கிலும் வில்லுக்கென்றே பிறந்தவை போல அமைந்துவிட்டன. அமேசான் காட்டிலும் நியூகினித் தீவிலும் உள்ள வேட்டுவர் வில்லுக்குக் கரும்பனை இனங்களையே நாடியதும் இதனால்தான்.

இதை அறிந்த தச்சன் வெளிப்பரப்பின் நாரை அறுக்க மாட்டான். உளியும் இழைப்புளியும் உட்பக்கத்திற் செல்ல வேண்டும். நார் ஓடிய வழியே வெளிப்பக்கம் நிற்க வேண்டும். அறுபட்ட ஒரு நாரிலிருந்து சிம்பு கிளம்பினால், அங்கேதான் பின்னொரு நாள் வில் விடும். நடுவே பருமன், இரு நுனியை நோக்கிச் சீராக மெலிவு. ஒரு பக்கம் சற்று மிகுதியாகச் சீவிவிட்டால் அந்தக் கை கூடுதலாக வளையும். நாண் நடுவில் நிற்காது. குடத்தின்மேல் வில் சாயும். அம்பு எய்யும் வில்லானால் கை நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். இந்த வில் அப்படியன்று. இரவு முழுதும் வீசுகோல் அடி விழுந்தாலும் நாணின் விறைப்பு குறையாதபடி அடங்காமல் நிற்க வேண்டும். அதனால் பருமன் மிகுதி; நாணும் தோலால் ஆன தடித்த நாண். மேலே சிவப்புத் துணி சுற்றிவிட்டால் தச்சனின் உளித்தடம் ஒன்றும் வெளியே தெரியாது.

இப்பொழுது இரும்பு வில்லும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. அது முறியாது, பூச்சி அரிக்காது, தேடி அலைய வேண்டியதில்லை. கலைஞரை நான் குறை சொல்லேன். பனையின் நிலையும் முன்போல் இல்லை. உடன்குடித் தேரிக்காடுகளில் அடர்ந்து நின்ற மரம் செங்கற் சூளைக்குப் போன காலம் ஒன்று இருந்தது. பனை தமிழ்நாட்டின் அரசு மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்று 2021-இல் அரசு அறிவித்தது. அது வேண்டிய தடையே. வில்லுக்காக நிற்கிற பனையை வீழ்த்த வேண்டியதும் இல்லை. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது இறங்கும் பனங்கைகள் பல தலைமுறை உலர்ந்த வைரம். அவற்றை விறகுக்கு விற்குமுன் ஊர்த்தச்சனிடம் ஒரு முறை காட்டலாம்.

இன்னொன்றும் செய்யலாம். கொடை விழா நடக்கும் ஊர்களில் பழைய பனைவில் ஏதேனும் கிடந்தால், துணியைப் பிரிக்க நேரும் சமயத்தில் அதை அளந்துகொள்ளுங்கள். முழு நீளம், நடுவிற் சுற்றளவு, இரு நுனிகளின் சுற்றளவு, நாண் பூட்டியபோது நடுத்தண்டுக்கும் நாணுக்கும் உள்ள தூரம், நார் எப்பக்கம் வெளியே நிற்கிறது என்ற ஐந்து குறிப்புகள் போதும். ஒரு தாளில் எழுதும்போது, செய்தவர் பெயர் ஊரில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் மேலே எழுதுங்கள்.